மே மாதத்துக் காலி அறை

வியாழக்கிழமை கிராம நிர்வாக அதிகாரியான தலாட்டி வருகிறார் என்பதை எல்லவ்வா சமையலறைப் பின்வாசலுக்கு வெளியே நின்றபடிதான் சொன்னாள். பதினேழு வருஷமாக அதே வாசல் வழியாக உள்ளே வந்து தரை துடைத்திருக்கிறாள், மீன் கழுவியிருக்கிறாள். ஆனால் ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் மட்டும் படிக்கு அந்தப் பக்கம்தான் நிற்பாள். அவள் அங்கே நின்றதைப் பார்த்ததுமே எஸ்பெரான்ஸ் கையிலிருந்த பாவ் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"தலாட்டிக்கு நம்ம வீட்டுல என்ன வேலை? நிலத்தை அளக்கவா?"

"நிலத்துக்கு இல்லக்கா. ரேணுகாவுக்கு. பதினஞ்சு வருஷம் இங்கயே இருந்தோம்னு சர்ட்டிபிகேட்டு வேணுமாம். அது இருந்தாத்தான் கவர்மென்ட் நர்ஸ் படிப்புல சீட்டு. முப்பதாம் தேதி கடைசி. இவரு வந்து விசாரிச்சு எழுதினாத்தான் மேல போகுமாம்."

"என்னைக் கேக்காமலே உன் பொண்ணு எழுதிப் போட்டாளா?"

"கேட்டா வேணாம்பீங்கன்னு பயந்துட்டாக்கா."

"அப்போ வேணாம்னு தெரிஞ்சேதான் போட்டிருக்கா."

எல்லவ்வா தலையைக் குனிந்துகொண்டாள். மழை ஓட்டிலிருந்து கயிறு கயிறாக அவள் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து நில் என்று சொல்லியிருக்கலாம். எஸ்பெரான்ஸுக்கு அது பிறகுதான் தோன்றியது.

அந்த வீடு நாலு பேருக்குப் பொது. அப்பா போனபின் அண்ணன் அனக்லெத், அக்கா லிஜியா, இளையவன் ருய், நடுவில் எஸ்பெரான்ஸ். அனக்லெத் முதலில் கப்பலுக்குப் போனான். பிறகு அப்பாவின் பிறப்பை லிஸ்பனில் பதிந்து, போர்ச்சுகீசிய பாஸ்போர்ட் வாங்கி, அதை வைத்து இங்கிலாந்தில் ஸ்விண்டன் போய்ச் சேர்ந்தான். இரண்டே வருஷத்தில் லிஜியாவையும் அதே வழியில் இழுத்துக்கொண்டான். ருய் பஹ்ரைனில் இருக்கிறான். மட்காவ் மருந்துக் கடையில் பாதி நாள் வேலை பார்க்கும் எஸ்பெரான்ஸ் மட்டும் ஐம்பத்திரண்டு வயதில், கல்யாணம் ஆகாமல், பத்து அறைக்கும் சாவி வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

வாடோ என்னும் அவர்கள் குடியிருப்புப் பகுதியில் முப்பத்தொரு வீடு. பதினாறு பூட்டிக் கிடந்தது. லண்டன், துபாய், கப்பல் என்று வீட்டுக்கு ஒரு காரணம். ஓடு சரிந்தாலும், உத்திரத்தைக் கரையான் தின்றாலும் யாரும் வாடகைக்கு விடுவதில்லை. வெளியூர்க்காரனை உள்ளே விட்டால் முண்ட்கார் என்று குடியிருப்பவன் உரிமை கேட்பான், கோர்ட்டுக்குப் போவான், கடைசியில் இருந்தவனுக்கே வீடு என்று ஆகிவிடும் என்ற பயம். அப்படி எந்த வீடு போனது என்று கேட்டால் ஆளாளுக்கு வேறு வேறு ஊரைச் சொல்வார்கள். பயம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

கர்நாடகத்தின் கதக் பக்கத்திலிருந்து செம்பாறைக் கல் குவாரி வேலைக்கு வந்த அனுமப்பாவும் எல்லவ்வாவும் ஒன்பது மாதக் கைக்குழந்தை ரேணுகாவோடு வாசலில் நின்றபோதும் அந்தப் பயம்தான் முதலில் வந்தது. ஆனால் தென்னைக்குத் தண்ணீர் விட ஆள் வேண்டியிருந்தது. பெரிய வீட்டில் தனியாகப் படுக்க எஸ்பெரான்ஸுக்குத் தைரியம் வேண்டியிருந்தது. தேங்காய் போட்டு வைக்கும் பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். வாடகை கிடையாது. வாடகை வாங்கினால் ரசீது, ரசீது இருந்தால் சாட்சி என்று அனக்லெத் சொல்லிவிட்டான். வீட்டு வேலையும் தோட்ட வேலையும்தான் ஈடு.

இன்னொன்றும் சொல்லியிருந்தான். வருஷா வருஷம் மே மாதம் பதினைந்து நாள் அவர்கள் அறையைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும். சாமானோடு. தொடர்ந்து இருந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது. காலி அறையின் சன்னல் விளிம்பில் அன்றைய செய்தித்தாளை வைத்துப் படம் எடுக்க வேண்டும். நோட்டில் போன தேதி, வந்த தேதி எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.

எஸ்பெரான்ஸ் எதையும் ஒழுங்காகச் செய்பவள். நீலக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினாள். முதல் வரி 2008 மே நாலாம் தேதி. அனுமப்பாவின் கட்டைவிரல் ரேகை, எல்லவ்வாவின் கட்டைவிரல் ரேகை. கீழே தன் கையெழுத்து. அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட விடவில்லை. மே தொடங்கினால் எல்லவ்வா தானே பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிடுவாள். ஊரில் ஜாத்திரைத் திருவிழாவுக்குப் போவதுபோலச் சிரித்துக்கொண்டுதான் கட்டுவாள். 2017லிருந்து ரேகைகளுக்கு அடியில் மூன்றாவதாக ஒரு கையெழுத்தும் சேர்ந்தது. பத்து வயது ரேணுகா, தனக்கு எழுதத் தெரியும் என்று கேட்டு வாங்கிப் போட்டது.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு தலாட்டி வந்தார். பெயர் உல்ஹாஸ் வெலிப். காணகோண் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயது இருக்கலாம். குடையை வராந்தாவில் விரித்து வைத்துவிட்டு, நனைந்த செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்து, கழற்றினார். ரேணுகா ஒரு பிளாஸ்டிக் உறையோடு தூணருகே நின்றாள். எல்லவ்வா அவளுக்குப் பின்னால். அனுமப்பா வாஸ்கோவில் வேலையில் இருந்தான்.

"ஸ்கூல் சர்ட்டிபிகேட் எல்லாம் சுத்தமா இருக்கு," என்றார் தலாட்டி, தாள்களைத் திருப்பிக்கொண்டே. "2012 ஜூன்ல ஒண்ணாங் கிளாஸ். அங்கேர்ந்து இன்னிக்கு வரைக்கும் பன்னெண்டு வருஷம் ஆச்சு. மீதி மூணு வருஷத்துக்கு என்ன இருக்கு? கரண்ட் பில்லு?"

"அக்கா பேர்ல இருக்கு சார்," என்றாள் எல்லவ்வா.

"ரேஷன் கார்டு?"

"ஊர்ல, மாமனார் பேர்ல."

"தடுப்பூசி அட்டை?"

"அதுவும் ஊர்லதான் போட்டோம்."

"அப்போ சாட்சிதான். அக்கம்பக்கத்துல ரெண்டு பேர், அப்போலேர்ந்து இங்கயே இருக்கிறவங்க. சொல்லுங்க, கூப்பிட்டு எழுதிக்கறேன்."

எல்லவ்வா வலது பக்கம் பார்த்தாள். அங்கே கரிதாத் வீடு. எல்லவ்வாவுக்கு முதல் மழைக்குப் போர்வை கொடுத்தவள் கரிதாத். குடும்பத்தோடு லண்டன் போய் எட்டு வருஷம். இடது பக்கம் வீட்டு முகப்பையே மரம் மூடியிருந்தது. எதிர்வீட்டுக் கிழவர் செத்து, பிள்ளைகள் இரண்டு பேரும் கப்பலில். அதற்கு அடுத்த வீட்டுக்காரர்கள் போன வருஷம் பூனாவிலிருந்து வந்து வாங்கியவர்கள்.

"யாரும் இல்ல சார்," என்றாள் ரேணுகா.

"இது நல்ல வேடிக்கை," என்றார் தலாட்டி. "இருந்தவங்களைத் தெரிஞ்சவங்க எல்லாம் போயிட்டாங்க. போனவங்க பேரு மட்டும் இன்னும் என் வோட்டர் லிஸ்ட்ல இருக்கு." பேனாவைத் திறந்து எஸ்பெரான்ஸ் பக்கம் திரும்பினார். "சரி. வீட்டுக்காரங்க நீங்க இருக்கீங்களே, போதும். எப்போலேர்ந்து இவங்க இங்க குடியிருக்காங்க?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று அனக்லெத் பதினேழு வருஷத்துக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தான். யார் கேட்டாலும் அதே வாக்கியம். நேற்று இரவு போனிலும் ஒரு முறை சொல்ல வைத்துக் கேட்டான். கூடவே இன்னொன்றும் சொன்னான். "நீ ஏதாவது எழுதிக் குடுத்தே, நான் பங்குப் பிரிக்கற கேஸைப் போட்டுடுவேன் எஸ்பெரா. ஏலத்துல யார் எடுக்கறாங்களோ எடுத்துக்கட்டும். அப்புறம் நீ எங்க இருப்பேன்னு என்னைக் கேக்காதே."

"குடியிருக்கறதுன்னு இல்ல," என்றாள் எஸ்பெரான்ஸ். "வந்து போய் இருப்பாங்க. வேலைக்கு."

"வந்து போய்னா?"

"மே மாசம் போவாங்க. அப்புறம் வருவாங்க. எப்போன்னு சரியா சொல்ல முடியாது."

சொன்னது ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தால் பொய்யில்லை. அவள் மனதுக்குள் சரிபார்த்தாள். போவார்கள், உண்மை. வருவார்கள், உண்மை. சரியாகச் சொல்ல முடியாது என்பது மட்டும்... நோட்டு உள்ளறை அலமாரியில் இருந்தது. சரியாகச் சொல்லக் கூடிய ஆள் உலகத்தில் ஒருத்தி உண்டென்றால் அது அவள்தான்.

தலாட்டி எழுதினார். பேனா தாளில் போகும் சத்தம் மழைச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது. ரேணுகா உறையை மார்போடு பிடித்துக்கொண்டு எஸ்பெரான்ஸையே பார்த்தாள். எல்லவ்வாதான் பேசினாள்.

"அக்கா சொன்னபடியே எழுதிக்கோங்க சார். அவங்க எங்களுக்குக் கெடுதல் நினைக்கறவங்க இல்ல."

அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் எஸ்பெரான்ஸுக்குக் கோபம் வந்திருக்கும், கோபத்தோடு விஷயம் முடிந்திருக்கும். எல்லவ்வா நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னாள்.

தலாட்டி கோப்பை மூடி எழுந்தார். ஆனால் மழை வராந்தாக் கம்பிக்கு உள்ளேயே அடித்தது, வாசலில் நிறுத்திய ஸ்கூட்டர் கண்ணுக்குத் தெரியவில்லை. திரும்ப உட்கார்ந்தார். "பத்து நிமிஷம் பாத்துட்டுப் போறேன்."

"டீ போடறேன்," என்று எல்லவ்வா உள்ளே போகப் பார்த்தாள்.

"நான் போடறேன்," என்றாள் எஸ்பெரான்ஸ்.

அடுப்பில் தண்ணீர் சூடாகும்வரை அவள் பின்வாசல் வழியாகப் பின்கட்டு அறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சன்னல் விளிம்பில் ரேணுகாவின் உயிரியல் புத்தகம். அந்த விளிம்பில்தான் அவள் பதினேழு செய்தித்தாள் வைத்திருக்கிறாள்.

2020 மே நாலாம் தேதி வைத்தது நினைவுக்கு வந்தது. அந்த வருஷம் பஸ் இல்லை, ரயில் இல்லை, கர்நாடக எல்லை மூடிக் கிடந்தது. இந்த வருஷம் விட்டுவிடலாமா என்று அனக்லெத்திடம் கேட்டாள். ஒரு வருஷம் விட்டால் மற்ற வருஷமெல்லாம் வீண் என்றான். அதனால் மத்தியானம் இரண்டு மணிக்கு அனுமப்பாவும் எல்லவ்வாவும் சாக்கு மூட்டைகளையும் கேஸ் அடுப்பையும் சுருட்டிய பாயையும் தூக்கிக்கொண்டு, தெருமுனைச் சிலுவைக்குப் பின்னால் முந்திரி மரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். ரேணுகாவுக்குப் பதிமூன்று வயது. வயசுக்கு வந்து இரண்டாவது மாதம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துதான் நடந்தாள். வாசலைத் தாண்டும்போது நின்று கேட்டாள். "ஆன்ட்டி, போட்டோல நான் இல்லாம இருந்தாப் போதும்ல? போட்டோ எடுத்ததும் வந்து படுத்துக்கலாமா?"

அண்ணன் சாயங்காலம் வீடியோ காலில் பார்க்கிறேன் என்றிருந்தான். அதனால் ஐந்து மணி வரைக்கும் வரவேண்டாம் என்று எஸ்பெரான்ஸ் சொன்னாள். அதைச் சொன்னது அவள் வாய்தான். அண்ணன் வீடியோவில் வரவும் இல்லை. படத்தைப் பார்த்து ஒரு கட்டைவிரல் அனுப்பினான், அவ்வளவுதான். நோட்டில் அவள் எழுதினாள்: மே 4 போனார்கள், மே 19 வந்தார்கள். இரண்டு ரேகை, ஒரு கையெழுத்து. ரேணுகா அதில் கையெழுத்துப் போட்டபோது தேதியைப் படித்தாள். படித்துவிட்டுத்தான் போட்டாள்.

தண்ணீர் கொதித்துப் பாதியாகச் சுண்டியிருந்தது. எஸ்பெரான்ஸ் அடுப்பை அணைத்தாள். டீ போடவில்லை. உள்ளறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள்.

நோட்டை தலாட்டியின் மடியில் வைத்தபோது அவருக்குப் புரியவில்லை. முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். பிறகு முதல் பக்கத்துக்கே திரும்பி வந்தார்.

"இது என்ன?"

"அவங்க இங்க இல்லைன்னு காட்டறதுக்கு வெச்சது."

"மே நாலு போனாங்க, மே பத்தொன்பது வந்தாங்க. 2008. மே மூணு போனாங்க, பதினெட்டு வந்தாங்க. 2009." விரலை வரிசையாகக் கீழே இறக்கினார். "அம்மா, வருஷம் முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள்ல பதினஞ்சு நாள் இல்லைன்னு கையெழுத்து வாங்கி வெச்சிருக்கீங்க. மீதி முந்நூத்தம்பது நாள் எங்க இருந்தாங்கன்னு நான் யாரைக் கேக்கணும்?"

பதினேழு வருஷம் ஒரு வரியும் விடாமல் எழுதிய எஸ்பெரான்ஸுக்கு இது ஒரு முறைகூடத் தோன்றவில்லை. அனக்லெத்துக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டாமா என்று இப்போது நினைத்துப் பார்த்தாள். ஒருவேளை தோன்றித்தான், அதனால்தான் அந்த நோட்டை இத்தனை பத்திரமாக வைத்திருந்தாளோ? அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் அது உண்மையில்லை.

"பதினஞ்சு நாள் சொந்த ஊருக்குப் போறது ஒரு குத்தமா?" என்றார் தலாட்டி. "எங்க சித்தப்பா மகன் மூணு வருஷமா லீசெஸ்டர்ல இருக்கான். தேர்தலுக்கு வந்து ஓட்டுப் போட்டுட்டு, என்னையே இங்க வெளியாள் ஜாஸ்தியாயிடுச்சுன்னு திட்டிட்டுப் போனான்." விரல் ஒரு வரியில் நின்றது. முகத்தில் இருந்த சிரிப்பும் நின்றது. "2020 மே நாலு. அன்னிக்கு நான் மொலேம் செக்போஸ்ட்ல ட்யூட்டி. ஒரு வண்டியும் எல்லை தாண்டல. இவங்க எப்படிப் போனாங்க?"

எல்லவ்வாவும் ரேணுகாவும் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் சொல்லமாட்டார்கள் என்று எஸ்பெரான்ஸுக்குத் தெரியும். சீட்டே போனாலும் சொல்லமாட்டார்கள்.

"போகல," என்றாள். "நான் பொய்யா எழுதினது."

"ஒரு வரி பொய்னா மேல இருக்கறவங்க இந்த நோட்டே செல்லாதும்பாங்க. பொய் எதுன்னு எழுதினவங்களே சொன்னா வேற விஷயம்." தலாட்டி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். முன்பு அவள் சொன்னதை எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "உங்க கையாலயே எழுதுங்க. எப்போ வந்தாங்க, எங்க இருந்தாங்க, அந்த மே மாசம் என்ன நடந்தது. எழுத இஷ்டமில்லைன்னா மழை விட்டதும் நான் போயிடறேன், முதல்ல சொன்னதே இருக்கட்டும்."

"ஆன்ட்டி," என்றாள் ரேணுகா. அன்று காலையிலிருந்து அவளிடம் நேராகப் பேசிய முதல் சொல் அதுதான். "அனக்லெத் அங்கிள் உங்களை வெளியே அனுப்பிடுவாரா?"

"இந்த வீட்டுலேர்ந்து போனவங்க அவர் அனுப்பியா போனாங்க? எல்லாரும் தானாத்தான் போனாங்க." சொல்லிவிட்டு, சிறுபெண்ணிடம் பூசி மெழுகுவது தப்பு என்று பட்டது. "அனுப்பலாம். தெரியல."

அவள் எழுத அரை மணி நேரம் ஆனது. 2007 நவம்பர் என்று தொடங்கினாள். பின்கட்டு அறையின் நீள அகலம் எழுதினாள். முந்திரி மரத்தடியில் மூன்று மணி நேரம் உட்காரவைத்ததை எழுதினாள். யார் சொல்லி என்ற இடத்தில் பேனா நின்றது. அண்ணன் பெயரை எழுதி, அடித்து, 'நான்' என்று எழுதினாள். அப்படி எழுதினால் அவனைக் காப்பாற்றுவது போலாகுமோ என்று யோசித்தாள். மூன்று மணி நேரம் அவள் சொன்னதுதான். அதனால் 'நான்' இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

தலாட்டி நோட்டையும் எடுத்துக்கொண்டார். அசலே வேண்டுமாம். பதினேழு வரி கொண்ட நோட்டு ஒன்று, அதில் ஒரு வரி உண்மையல்ல என்று எழுதிக்கொடுத்தவரே சொல்கிறார் என்று பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அனக்லெத் இனி ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவான். அவன் கூப்பிடுவதற்காக அவள் காத்திருக்கவில்லை. ஸ்விண்டனில் அவன் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து அன்றே கூப்பிட்டாள்.

"எழுதிக் குடுத்துட்டேன்," என்றாள். "நோட்டையும் குடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் பஸ் ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"உனக்குப் புத்தி இருக்கா எஸ்பெரா? அந்த நோட்டு நம்ம கையில இருந்த ஒரே ஆயுதம்."

"அது அவங்க ஆயுதம். நாம பத்திரமா வெச்சிருந்தோம். அவ்வளவுதான்."

"நான் சொன்னதைச் செய்வேன். கேஸ் போடுவேன். நாலுல ஒரு பங்கு வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவே?"

"பத்து அறைச் சாவியையும் தனியா வெச்சிருந்தேன். ரெண்டரை அறைச் சாவி வெச்சுக்கறது சுலபம்."

"விளையாடாதே."

"விளையாடல அண்ணா. போடு. லிஜியாவும் ருய்யும் கையெழுத்துப் போடணும், எல்லாரும் வரணும். வாங்க. வந்து எத்தனை வருஷம் ஆச்சு." பிறகு, சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்ததையும் சொன்னாள். "2020ல அனுப்பினேனே ஒரு போட்டோ, அது பொய். அவங்க ஊருக்குப் போகல. சிலுவைக்குப் பின்னால, வெக்கையில, சாமானோட உட்கார வெச்சேன். அந்தப் பொண்ணுக்கு அன்னிக்கு உடம்பு சரியில்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ போட்டோ கேட்டே. நான் போட்டோ அனுப்பினேன்."

வைத்துவிட்டானோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை. விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"லிஜியாகிட்ட பேசிட்டுச் சொல்றேன்," என்றான் கடைசியில். கோபம் போய்விட்டதா, இல்லை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டதா என்று குரலில் தெரியவில்லை.

அவன் என்ன சொல்வான் என்று இரவு வரை நினைத்துப் பார்த்தாள். கேஸ் போடுவான் என்று பாதி மனம் சொன்னது. போடமாட்டான் என்று மீதி சொன்னது. எந்தப் பாதியை நம்புவது என்று தெரியாமல், அவன் போட்டால் வேண்டியிருக்கும் என்று அப்பாவின் பத்திரங்களை எடுத்து மேசைமேல் அடுக்கினாள். பின்கட்டு அறையில் ரேணுகா உடலின் எலும்புகளை வரிசையாகச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஓர் இடத்தில் தப்பாகச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.